தாய்லாந்து ஓய்வுக்கால விசா: எட்டு லட்சம் பாட் என்றைக்கு வந்து சேர வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 61. கோவையில் அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 57. மாதம் 72,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது, வங்கி வைப்பில் 42 லட்சம் இருக்கிறது. இரண்டு முறை போய்வந்ததில் தாய்லாந்தின் ஹுவா ஹின் எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. அங்கே சில ஆண்டுகள் தங்க நினைக்கிறோம். ஓய்வூதியத்தைக் காட்டினால் விசா கிடைக்குமா, பணம் போட்டே ஆக வேண்டுமா? இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு போதுமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்கிறார்கள். ஓர் ஏஜென்ட், "உங்கள் பணத்தைத் தொடவே வேண்டாம், நாங்களே காட்டிக்கொள்கிறோம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். அந்த ஏஜென்ட் சொல்வதன் பொருள், வேறொருவர் பணத்தைச் சில நாள் உங்கள் கணக்கில் போட்டு, கடிதம் வாங்கி, திருப்பி எடுத்துக்கொள்வது. அனுமதி கிடைத்த பிறகும் அந்தப் பணம் கணக்கில் இருந்ததா என்று குடிவரவு அலுவலகம் பின்னால் கேட்கும். கேட்கும்போது பாஸ்புக் உங்கள் கையில் இருக்கும், ஏஜென்ட் இருக்கமாட்டார். உங்களிடம் போதுமான பணம் இருக்கிறது. இல்லாதவர் எடுக்கும் ஆபத்தை இருப்பவர் ஏன் எடுக்க வேண்டும்?

இனி ஓய்வூதியம். 50 வயது கடந்தவருக்கு ஓராண்டுத் தங்கல் அனுமதி தர தாய்லாந்து மூன்று வழிகளை ஏற்கிறது. தாய் வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு; அல்லது மாதம் 65,000 பாட் வருமானம்; அல்லது ஆண்டு வருமானமும் இருப்பும் சேர்ந்து 8 லட்சம். (65,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 7,80,000தான் வருகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், விதி அப்படி.)

கணக்குக்காக ஒரு பாட் 2.80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் நாளில் உங்கள் வங்கி தரும் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். 65,000 பாட் என்பது 1,82,000 ரூபாய். உங்கள் 72,000 ரூபாய் சுமார் 25,700 பாட். எனவே வருமான வழி உங்களுக்கு மூடியிருக்கிறது. கலப்பு வழியில் ஓய்வூதியம் ஆண்டுக்கு 3,08,000 பாட் அளவுக்கு ஈடுகட்டும். மீதி 4,92,000 பாட் இருப்பு காட்ட வேண்டும். தாளில் இது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் வருமானப் பகுதிக்கு உங்கள் நாட்டுத் தூதரகக் கடிதம் கேட்பார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்ததற்கான பன்னிரண்டு மாத வங்கிப் பதிவு கேட்பார்கள். புதிதாகப் போகிறவரிடம் பன்னிரண்டு மாதப் பதிவு எங்கிருந்து வரும்? கலப்பு வழியை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி நடத்துகிறது என்பது இன்னொரு சிக்கல். உங்களிடம் 42 லட்சம் இருக்கும்போது இந்தத் தலைவலி தேவையில்லை. 8 லட்சம் பாட் வழியிலேயே போங்கள். ரூபாயில் அது 22.4 லட்சம்.

அடுத்து எந்த விசா என்பது. உங்கள் சர்க்கரை நோய்க்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு உங்களுக்குப் பொருந்தும் விசாக்கள் இரண்டு: நான்-இமிகிரன்ட் ஓ-ஏ, நான்-இமிகிரன்ட் ஓ (சுருக்கமாக நான்-ஓ). ஓ-ஏ விசாவைச் சொந்த நாட்டிலிருந்தே வாங்கலாம். பணத்தை இந்திய வங்கியிலேயே காட்டலாம். ஓராண்டு தங்கல் நேரடியாகக் கிடைக்கும். ஆனால் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, அதோடு 30 லட்சம் பாட் அளவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். பின்னால் தாய்லாந்துக்குள் நீட்டிக்கும்போதும் காப்பீடு தொடர வேண்டும். 61 வயதில் சர்க்கரை நோயுடன் அந்தக் காப்பீட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பது எளிதல்ல. நான்-ஓ விசாவில் உள்ளே நுழைந்து, அங்கே ஓய்வுக்கால நீட்டிப்பு வாங்குபவருக்கு இந்தக் காப்பீட்டு நிபந்தனை இல்லை. பலர் ஓ-ஏ-யில் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் இந்த வேறுபாட்டைக் கேள்விப்படுகிறார்கள். உங்களுக்கு நான்-ஓ. காப்பீடு கட்டாயமில்லை என்றால் மருத்துவச் செலவும் இல்லை என்று ஆகிவிடாது. அந்த 8 லட்சத்துக்கு வெளியே தனியாக ஒரு மருத்துவத் தொகை கைவசம் வேண்டும். 8 லட்சத்தில் கைவைக்க முடியாது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

நான்-ஓ விசாவைத் தாய் மின்விசா தளத்தில் விண்ணப்பித்துப் பெறுவது நல்லது. அது கிடைக்காத நிலையில் சுற்றுலா விசாவில் நுழைந்து, குறைந்தது 15 நாள் தங்கல் மிச்சமிருக்கும்போது குடிவரவு அலுவலகத்தில் 2,000 பாட் கட்டி நான்-ஓ ஆக மாற்றலாம். ஆனால் மாற்றும் நாளிலேயே 8 லட்சம் பாட் தாய் வங்கியில் இருக்க வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். சுற்றுலா விசாவோடு வருபவருக்குக் கணக்குத் திறக்கப் பல வங்கிக் கிளைகள் மறுக்கின்றன. ஆகவே முதல் வழியே மேல். எந்த வழியானாலும் முதலில் கிடைப்பது 90 நாள். அதன் கடைசி 30 நாளுக்குள் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு மாதம் அந்த 8 லட்சம் முழுதாகக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். 90 நாளில் 60 நாள் அதற்கே போகிறது. மிச்சம் 30 நாளுக்குள் வீடு பார்த்து, கணக்குத் திறந்து, இந்தியாவிலிருந்து பணம் வரவழைக்க வேண்டும். பணம் குறையாமலே நாள் குறைந்து விண்ணப்பம் அடிபடலாம்: 8 லட்சமும் இருக்கும், 54 நாள்தான் ஆகியிருக்கும்.

இதோடு நம் ஊர் வரிக் கணக்கும் வந்து மோதும். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்பிடித்தம்) பிடிப்பார்கள். 22.4 லட்சத்தையும் ஒரே நிதியாண்டில் அனுப்பினால் 2,48,000 ரூபாய் பிடித்தமாகும். அது வரியாகப் போய்விடுவதில்லை. வருமான வரித் துறைப் பதிவில் உங்கள் பெயரில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

"மனைவி பெயரில் பாதி, என் பெயரில் பாதி அனுப்பினால்?" என்பது அடுத்து எழும் யோசனை. அது இரு பக்கமும் இடிக்கும். வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு எல்.ஆர்.எஸ்.ஸில் அனுப்பும்போது, கணக்கில் கூட்டு உரிமை இல்லாத குடும்பத்தினரின் வரம்பைச் சேர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. சரி, கூட்டுக் கணக்காகவே திறப்போம் என்றால், தாய்லாந்துக் குடிவரவில் 8 லட்சம் விண்ணப்பதாரரின் தனிப்பெயரில் இருப்பதே பாதுகாப்பு. கூட்டுக் கணக்கைச் சில அலுவலகங்கள் ஏற்பதே இல்லை. ஏற்பவையும் பாதித் தொகைதான் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு, இருப்பு 16 லட்சமாக இருக்க வேண்டும் என்பார்கள். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

டி.சி.எஸ். சுமையைக் குறைக்க நேர்மையான வழி, மார்ச் 31-ஐ நடுவில் வைத்து இரு தவணையாக அனுப்புவது. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். மார்ச் 18-இல் நுழைந்தால் 90 நாள் ஜூன் 15-இல் முடியும். மார்ச் 25-க்குள் கணக்குத் திறந்து, 27-க்குள் முதல் 10 லட்சம் ரூபாயை அனுப்புங்கள். ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஏப்ரல் 1-இல் இந்திய வங்கிகள் வாடிக்கையாளர் வேலை பார்ப்பதில்லை. ஏப்ரல் 2-லிருந்து மீதியை அனுப்புங்கள், பிடித்தம் 2.4 லட்சத்துக்கு மட்டும், அதாவது 48,000 ரூபாய். ஏப்ரல் 9-க்குள் முழுத் தொகையும் தாய் வங்கியில் வரவாகிவிட வேண்டும். ஏனென்றால் 13 முதல் 15 வரை சோங்கிரான். நம் சித்திரைப் பிறப்பும் அவர்கள் புத்தாண்டும் ஒரே நாட்களில்தான் வரும், வங்கிகளும் மூடிக்கிடக்கும். ஏப்ரல் 9-இல் வரவானால் ஜூன் 9-இல் இரண்டு மாதம் நிறையும். 10 முதல் 15-க்குள் விண்ணப்பம். கையில் இருக்கும் இடைவெளி ஆறே நாள்.

இவ்வளவு நெருக்கம் உங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றினால், டி.சி.எஸ்.ஸைக் கட்டிவிட்டு வேறு மாதத்தில் போங்கள். கட்டிய டி.சி.எஸ். திரும்பி வரும். தவறிய இரண்டு மாதம் வராது. நாட்டை விட்டு வெளியேறி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நவம்பர் 1-இல் நுழைந்தால் ஜனவரி 29 வரை நாள் இருக்கும், நவம்பர் 25-க்குள் பணம் வந்தாலே போதும். என் ஓட்டு நவம்பருக்கே.

புறப்படும் முன் இந்தியாவில் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். தாய்க் கணக்கு எண் உங்களுக்குக் கிடைக்கும்போது நீங்கள் ஹுவா ஹின்னில் இருப்பீர்கள். அனுப்ப வேண்டிய வங்கி கோவையில் இருக்கும். இணைய வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி உங்கள் கணக்கில் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தை இணையத்திலேயே ஏற்பார்களா என்று கிளையில் நேரில் கேட்டு முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வைப்பை முறித்துச் சேமிப்புக் கணக்கில் வைத்திருங்கள். ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங் போடுங்கள், ஓ.டி.பி. வராததால் பத்து நாள் போனது என்பதெல்லாம் சாதாரணமாக நடப்பது.

டாலரில் அனுப்பி, தாய் வங்கியில் பாட்டாக மாற விடுங்கள். கட்டணம் முழுதையும் அனுப்புநரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் இடை வங்கி ஏதாவது பிடிக்கலாம். சரியாக 8 லட்சம் வரும்படி அனுப்பாதீர்கள். 8,20,000 பாட் வரும்படி கணக்கிடுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாஸ்புக்கில் அந்த வரி வெளிநாட்டுப் பரிமாற்றக் குறியுடன் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நண்பர் மூலம் அங்கேயே பாட்டாக வாங்கிப் போட்டுக்கொண்டால், பணம் இருக்கும், சான்று இருக்காது.

விசாவுக்கான கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வாங்காதீர்கள். வங்கி வற்புறுத்தும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டின் ஆண்டுக் கட்டணம் சில நூறு பாட்தான். ஆனால் சரியாக 8,00,000 வைத்திருப்பவர் கணக்கில் அது கழிந்த நாளில் இருப்பு 7,99,700 ஆகும், அங்கேயே இரண்டு மாதக் கணக்கு அறுந்துபோகும். வீட்டு வாடகை, மளிகை, மருந்துக்கு இன்னொரு கணக்கு திறந்து அதற்குக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் நாளில் வேண்டியவை: டி.எம்.7 என்னும் நீட்டிப்பு விண்ணப்பப் படிவம், புகைப்படம், கடவுச்சீட்டு நகல்கள், 1,900 பாட், வங்கிக் கடிதம், பாஸ்புக்கும் அதன் எல்லாப் பக்கங்களின் நகலும், வாடகை ஒப்பந்தம், டி.எம்.30 சீட்டு. டி.எம்.30 என்பது வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. வீடு பிடிக்கும்போதே அவர் இதைச் செய்வாரா என்று கேளுங்கள், செய்யாத வீட்டுக்காரரால் உங்கள் விண்ணப்பம் நிற்கும். வங்கிக் கடிதம் அன்றைக்கோ முந்தின நாளோ வாங்கியதாக இருக்கட்டும். அன்று காலையில் கணக்கில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கை இயந்திரத்தில் பதிந்துகொண்டு போங்கள்; கடைசி வரியில் அன்றைய தேதி இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது பாஸ்புக்கைப் பதியுங்கள். நீண்ட நாள் விட்டால் சில வங்கிகள் பல வரவு செலவுகளை ஒரே வரியாகச் சுருக்கிவிடும். பிறகு முழு அறிக்கையைத் தலைமை அலுவலகத்திலிருந்து வரவழைக்க நாள் பிடிக்கும்.

அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் 8 லட்சம் குறையக் கூடாது. அதன் பிறகு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே மீண்டும் 8 லட்சம் ஆகிவிட வேண்டும். ஜூனில் அனுமதி பெற்றவருக்கு 4 லட்சத்தில் இருக்கலாம் என்ற சலுகை அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதத்துக்காக 4 லட்சத்தை எடுத்து, திரும்ப வைக்க மறந்து, அல்லது டாலர் விலை மாறி நட்டப்பட்டு, எதற்கு? 8,20,000-ஐப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்குத் தனியாக 8 லட்சம் தேவையில்லை. உங்களைச் சார்ந்தவராக அவர் நீட்டிப்பு வாங்கலாம். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். கோயில் ரசீதோ கல்யாணப் பத்திரிகையோ செல்லாது. பதிவு செய்யாமல் இருந்தால் இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்துகொள்ளுங்கள். அந்தச் சான்றுக்கு அரசு உறுதிச்சான்று, தாய் மொழிபெயர்ப்பு, தாய் வெளியுறவு அமைச்சக முத்திரை ஆகியவை வேண்டியிருக்கும். அவருடைய 1,900 பாட், 90 நாள் அறிக்கை எல்லாம் தனி.

90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, தவறினால் 2,000 பாட் அபராதம். ஊருக்கு வர நினைத்தால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள்: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் ஓராண்டு அனுமதி அந்த நொடியே செத்துவிடும். பேரன் பிறந்த அவசரத்தில் ஓடிவருபவர்கள் தவறுவது இதில்தான். ஆகையால் முதல் நாளே பலமுறை அனுமதியை வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்திய வருமான வரியில் இரண்டு மாற்றங்கள். இதுவரை நீங்கள் ஐ.டி.ஆர்.-1 தாக்கல் செய்துவந்திருப்பீர்கள். வெளிநாட்டுக் கணக்கு இருப்பவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படும் ஆண்டு வரை ஐ.டி.ஆர்.-2, அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. அது நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. விட்டுவிட்டால் கறுப்புப்பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 20 லட்சத்துக்கு உட்பட்ட இருப்புக்குத் தரும் விலக்கு உங்கள் 22.4 லட்சத்துக்குப் பொருந்தாது. ஓராண்டு அனுமதி கையில் வந்து நிலையாகக் குடியேறியதும் உங்கள் இந்திய வங்கிக்குத் தெரிவித்து, கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். அதன்பின் எல்.ஆர்.எஸ்.ஸும் இல்லை, டி.சி.எஸ்.ஸும் இல்லை, ஓய்வூதியத்தை வரி போக, பட்டயக் கணக்காளர் சான்றுடன் அனுப்பலாம்.

தாய்லாந்திலும் வரி உண்டு. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருப்பவர், 2024 ஜனவரி 1-க்குப் பின் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரும். அதற்கு முன் சேர்த்தது வராது. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று உங்கள் வைப்பில் எவ்வளவு இருந்தது என்பதற்கு வங்கிச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். உங்கள் 42 லட்சத்தின் பெரும்பகுதி அதற்கு முன் சேர்ந்தது என்றால் அந்த ஒரு தாள் போதும். ஓய்வூதியம் எந்த நாட்டில் வரிக்கு உட்படும் என்பதை இரு நாட்டு இரட்டை வரி ஒப்பந்தத்தைத் தெரிந்த கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணக்கு உங்கள் தனிப்பெயரில் இருக்கும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வங்கி அதை முடக்கும். வாரிசு அதை எடுக்கத் தாய் நீதிமன்ற உத்தரவு வேண்டும். உங்களைச் சார்ந்து நிற்கும் மனைவியின் தங்கல் அனுமதிக்கும் அடிப்படை போய்விடும். எனவே முதல் நீட்டிப்பு கிடைத்த மாதத்திலேயே ஹுவா ஹின்னில் ஒரு வழக்கறிஞரிடம் தாய் மொழியில் உயில் எழுதி, அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, மனைவியை நிறைவேற்றுபவராகப் போடுங்கள். மனைவி பெயரில் தனியாக ஒரு தாய்க் கணக்கில் ஆறு மாதச் செலவுக்கான பணமும் இருக்கட்டும்.